ஓட்டைத் தூண்கள்

திங்கட்கிழமை காலை பத்து இருபதுக்கு மழை பிடித்தது. பத்து ஐம்பதுக்கு எங்கள் இரயில் நிலையத்தின் பெரிய கூடத்துக் கூரை வாந்தி எடுத்தது. இதைவிட நாகரிகமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நிலையத்தின் நூற்றைம்பதாவது ஆண்டு விழா என்பதால் அன்று ஒத்திகை. கூடத்தில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். பேண்டு வாத்தியக்காரர்கள் இரண்டு வரிசையாக நின்றார்கள். விழாக் குழுத் தலைவர் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, விழா அன்று எந்த இடத்தில் நின்று கையசைப்பது என்று நின்று நின்று பார்த்துக்கொண்டிருந்தார். புதிதாகப் பொன்வண்ணம் பூசிய கூரை விளிம்பிலிருந்து முதலில் ஒரு சொட்டு விழுந்தது. அவர் அண்ணாந்து பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது.

வந்தது தண்ணீர் இல்லை. புறா எச்சம், இறகு, முட்டை ஓடு, துரு, மக்கிய இலை எல்லாம் ஊறிக் கரைந்த கறுப்புச் சேறு. கூடத்தின் நீளம் முழுக்க இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் வழிந்தது. பெரிய ஊதுகுழல்காரர் வாத்தியத்தைக் கவிழ்த்தபோது உள்ளேயிருந்து கால் லிட்டருக்குக் குறையாமல் கொட்டி, கடைசியாக ஒரு செத்த குஞ்சும் தொப்பென்று விழுந்தது. அவர் அதைப் பார்த்தார், தான் வாய் வைக்கும் இடத்தைப் பார்த்தார், வாசற்படியில் போய்த் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாற்றம் மூக்கோடு நிற்கவில்லை. நாக்கில் படிந்தது. அன்று மத்தியானம் நான் கொண்டுபோன சாப்பாட்டை அப்படியே திருப்பி எடுத்துப்போனேன்.

மாலைக்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கூரைக் கால்வாய்களைச் சுத்தம் செய்கிற ஊழியர் ஒருவர் இருக்கிறார். இருபத்தாறு வருஷமாக அந்த வேலை. தோளிலும் தொப்பியிலும் எப்போதும் வெள்ளை வெள்ளையாக எச்சம் ஒட்டியிருக்கும். அதனால் எல்லோரும் அவரைப் புறாக்காரர் என்பார்கள். அவர் கால்வாய்களைச் சுத்தம் செய்யவில்லை, அதனால்தான் பொங்கிவிட்டது என்று தலைமைப் பொறியாளர் எழுதி, அவரைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தினார். வியாழக்கிழமை விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போகும், வேலையோடு சரக்குக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் ஓர் அறைக் குடியிருப்பும் போகும். அந்த ஓர் அறையில் அவர், அவர் மனைவி, எழுந்து நடக்க முடியாத மாமனார்.

கால்வாய்கள் சுத்தமாகத்தான் இருந்தன. கூரை ஏன் பொங்கியது என்பது இந்த ஊரில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் என் அத்தான். இன்னொருவன் நான்.

நான் கட்டடப் பிரிவில் பதிவறை எழுத்தர். நிலையத்தின் பழைய வரைபடங்கள் அறுநூற்றுப் பதினொன்றும் என் பொறுப்பு. விழா மலருக்கு நிலையத்தின் வரலாற்றை எழுதிக் கொடுத்தவனும் நான்தான். மலரில் எழுதாததை இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கட்டடத்தை வரைந்தவர் இந்த மண்ணை மிதித்ததே இல்லை. எங்கோ ஒரு குளிர் தேசத்தில் மேசை முன் உட்கார்ந்து வரைந்து, தாள்களைத் தகரப் பெட்டியில் போட்டுக் கப்பலில் அனுப்பிவிட்டார். பனி வழுக்கி விழ வேண்டும் என்று கூரையைச் செங்குத்தாகப் போட்டிருக்கிறார். இங்கே பனி விழுந்து யாரும் பார்த்ததில்லை. காத்திருப்பு அறைகளில் குளிர் காய எட்டுக் கணப்பு அடுப்புகள், எட்டும் பளிங்கு. ஒன்றிலாவது ஒரு சுள்ளி எரிந்ததில்லை. துடைப்பம் வைத்துக்கொள்கிறார்கள். முகப்பில் இரண்டு மணிக்கூண்டுகள், ஒன்றில்தான் மணி. நிலையத்தைக் கட்டிய மூன்று இரயில் கம்பெனிகளும் யாருடைய நேரத்தைக் காட்டுவது என்று அடித்துக்கொண்டதில் இன்னொன்றில் கடிகாரத்துக்காக விட்ட வட்டம் இன்றுவரை வெறும் வட்டம். வாசல் வளைவுகளின் உச்சியில் கம்பெனி முதலாளிகளின் முகங்களைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். செதுக்கிய கொத்தர்களுக்கு அவர்களைப் பிடிக்கவில்லை என்பது மூக்குகளைப் பார்த்தாலே தெரியும்.

இதையெல்லாம் 'கம்பீரம்' என்ற சொல்லைப் பதினான்கு தடவை போட்டு மலரில் எழுதினேன். படிக்கிறவர்கள் மகிழ வேண்டும் என்று உத்தரவு.

பெரிய கூடம்தான் எல்லோரும் பார்க்க வருகிற இடம். நூற்று எழுபது அடி நீளம். மேலே கண்ணாடியும் இரும்புமான கூரை. அதைத் தாங்கி இரண்டு வரிசையாக முப்பத்தாறு வார்ப்பிரும்புத் தூண்கள், ஒவ்வொன்றும் நாற்பத்திரண்டு அடி, உச்சியில் இரும்பு இலைக் கொத்து. அவ்வளவு பெரிய கூரையில் விழுகிற மழை எங்கே போகிறது என்று அண்ணாந்து பார்க்கிற எவருக்கும் தோன்றாது. ஒரு குழாய்கூடக் கண்ணில் படாது. வரைந்தவருக்குக் குழாய் என்றால் அருவருப்பு போலிருக்கிறது. மழைத் தண்ணீரைத் தூண்களுக்குள்ளேயே இறக்கிவிட்டார். முப்பத்தாறு தூண்களும் உள்ளே குழல். கூரையில் சேர்கிற அத்தனை அழுக்கும் தூண் வழியாக இறங்கி, தரைக்கு அடியில் செங்கல் கட்டிய வடிகாலில் போய்ச் சேரும். ஒவ்வொரு தூணின் அடியிலும் முழங்கால் உயரத்தில் ஒரு சின்ன இரும்புக் கதவு. கைக்கதவு என்பார்கள். அடைத்துக்கொண்டால் அதைத் திறந்து, தோள்வரை கையை விட்டு அள்ள வேண்டும். எல்லாம் எண்பத்து நான்காம் தாளில் தெளிவாக இருக்கிறது. ஜனங்கள் அண்ணாந்து பார்த்து ஆஹா என்கிற முப்பத்தாறும் நின்றுகொண்டிருக்கிற சாக்கடைகள்.

என் அக்காவின் வீட்டுக்காரர்தான் நிலையத்தைப் புதுப்பிக்கிற கான்ட்ராக்டர். நாற்பது நாளைக்கு முன்னால் ஒரு காலை என்னைக் கூடத்துக்குக் கூப்பிட்டுவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"மாப்ளே, இங்க வா. ஒரு கூத்தைக் காட்டறேன்." தூணைத் தட்டினார். "கேட்டியா? டொங்குது. உள்ள ஒண்ணுமே இல்ல. முப்பத்தாறும் இப்படித்தான். முழுத் தூண்னு சொல்லிட்டு வெறும் குழலை நட்டு வச்சிட்டுப் போயிருக்கான் அந்தக் காலத்துக் கான்ட்ராக்டர். நூத்தம்பது வருஷமா ஒருத்தனும் கண்டுபிடிக்கல. என்ன தில்லுடா அவனுக்கு!"

"நீங்க என்ன பண்ணீங்க அத்தான்?"

"என்ன பண்றது, மனசு கேக்கல. கீழ ஒரு ஓட்டைக் கதவு வச்சிருந்தான், திருட்டுப் பய, அது வழியாவே கான்கிரீட்டை ஊத்திட்டேன். முழங்கால் உயரத்துக்குத்தான் நிக்குது. உச்சி வரைக்கும் ஊத்தலாம்னா அவ்ளோ உயரத்துக்குப் பம்பு இல்ல. அடி கெட்டியா இருந்தாப் போதும்ல? ஒப்பந்தத்துல இல்லாத வேலை. யாரும் கேக்கவும் இல்ல. நம்ம சொந்தத் திருப்திக்குச் செஞ்சது."

அத்தான் தொழிலில் எப்படிப்பட்டவர் என்பது குடும்பத்துக்கே தெரியும். அவர் கட்டிய பள்ளிக்கூடச் சுவரில் பிள்ளைகள் முதுகைச் சாய்த்தால் முதுகோடு சுவரும் வரும். அப்படிப்பட்டவர் தூணுக்குள் வெற்றிடத்தைப் பார்த்ததும் வேறெதையும் யோசிக்கவில்லை. தான் செய்வதைத்தான் அந்த ஆளும் செய்திருப்பான் என்று நினைத்தார். நினைத்ததோடு நிற்காமல், வாழ்க்கையில் முதல் தடவையாக யாரும் கேளாமலேயே ஒரு வேலையை முழுசாகச் செய்து முடித்திருந்தார்.

"அத்தான், அது மழைத் தண்ணி இறங்கற வழி."

"போடா. தூணுக்குள்ள எவனாவது தண்ணி விடுவானா?"

பதிவறைக்குக் கூட்டிப்போய் எண்பத்து நான்காம் தாளை விரித்துக் காட்டினேன். வெகுநேரம் குனிந்து பார்த்தார். சிரிப்பு வடிந்தது. நிமிர்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "இதை வேற யாரு பாத்திருக்கா?"

"நான் மட்டும்தான்."

"அப்ப விடு. கதவுக்கு மேல இடுப்பளவுக்குப் பளிங்கு ஒட்டியாச்சு. இப்ப உடைச்சா ஊரே கேக்கும். மழைக்கு இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு. விழா முடியட்டும், சத்தமில்லாம ஒவ்வொண்ணா நானே திறந்து விட்டுடறேன். என் மேல நம்பிக்கை இல்லையா?"

இல்லை. இருந்தும் தலையை ஆட்டினேன். குண்டூசிப் பெட்டி வரத் தாமதமானால் மூன்று நகலோடு கடிதம் எழுதுகிறவன் நான். அன்று ஒரு வரி எழுதவில்லை.

மழைக்கு எங்கள் ஏற்பாடு தெரியவில்லை. இரண்டு மாதம் இருக்க வேண்டியது நாற்பதே நாளில் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை புறாக்காரர் பதிவறைக்கு வந்தார். கதவுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னேன். "வேணாம் சார், தாள்ல ஒட்டிக்கும்" என்றார், தன் சட்டையைக் காட்டி.

"கால்வாய் எல்லாத்தையும் போன மாசமே அள்ளிட்டேன் சார். நாப்பத்தோரு மூட்டை. ஆனா கூடத்துக்குள்ள வேலை நடக்குதுன்னு தடுப்புக் கட்டி வச்சிருந்தாங்க, தூண் பக்கம் மட்டும் என்னை விடல. நேத்து மழை விட்டதும் போய்த் தட்டிப் பாத்தேன். எப்பவும் சாவியால தட்டினா மணி மாதிரி கேக்கும். இப்ப பொத்து பொத்துங்குது. தூணெல்லாம் நிறைஞ்சு நிக்குது சார், உள்ள கிடந்த பழைய அழுக்குதான் மிதந்து மேல வந்திருக்கு. கைக்கதவைத் தேடினா அதையும் காணோம், மேல பளிங்கு. இன்ஜினியர்கிட்ட சொன்னேன். தூணுக்குக் கதவா, குடிச்சிருக்கியாங்கறார். அவர் வந்து ஆறு மாசம்தானே ஆகுது. உங்ககிட்ட பழைய படம் இருக்குமே?"

"தேடிப் பாக்கறேன்" என்றேன். அது எனக்குப் பின்னால் மூன்றடி தூரத்தில், இடது அலமாரியில், மேலிருந்து இரண்டாவது தட்டில் இருந்தது.

அவர் போன பிறகு கூடத்துக்குப் போனேன். கம்பளத்தைக் கழுவிக் காயப்போட்டிருந்தார்கள். கூரை விளிம்புக்கு மறுபடி பொன் பூசிக்கொண்டிருந்தார்கள், கீழே அழுக்கு காய்வதற்கு முன்பே. தூண்கள் ஒவ்வொன்றும் இரண்டு துண்டு, நடுவில் இணைப்பு. அந்த இணைப்பு வழியாகக் கறுப்பாக ஒரு கோடு கசிந்து கீழே பளிங்கின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. ஓர் ஆள் அதைத் துணியால் துடைப்பதும் அது மறுபடி இறங்குவதுமாக இருந்தது. பக்கத்துத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி படம் எடுத்துக்கொண்டது. அந்தப் பெண் கன்னத்தை இரும்போடு சேர்த்து வைத்திருந்தாள். கன்னத்துக்கு அந்தப் பக்கம் நாற்பது அடிக்குப் புறா எச்சம் ஊறிய தண்ணீர் நிற்கிறது என்று அவளிடம் யார் சொல்வது? எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எதனால் என்று அப்போது பிரித்துப் பார்க்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் அக்கா வந்தாள். பதிவறைக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. வந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"எப்படிடா இந்தப் பழைய காகித நாத்தத்துல உக்காந்திருக்கே?"

"கூடத்தைவிடத் தேவலாம்."

"குத்திக்காட்டாதே." எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "மூணு நாளா மனுஷன் தூங்கல. கூரையைப் பாத்துக்கிட்டே படுத்திருக்கார். நம்ம வீட்டுக் கூரையை."

"அதையும் அவர்தானே கட்டினார், பயமாத்தான் இருக்கும்."

சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக உடனே என் கையில் ஓர் அடி வைத்தாள். "விளையாடாதே தம்பி. ஊர்ல எத்தனை வேலை அரைகுறையாச் செஞ்சார், ஒருத்தன் வாயைத் திறந்தானா? ஒரே ஒரு வேலையை நல்ல மனசோட செஞ்சார். அதுக்கா தண்டனை? அந்தத் தாளு நாளைக்கு ஒரு நாள் கிடைக்காம இருக்கட்டும். ஒரு நாள்தான்டா."

"அந்த ஆளோட வேலை போயிடும் அக்கா. வீடும் போயிடும்."

"அத்தான் வேற இடத்துல வேலை வாங்கித் தருவார்."

"அத்தான் கட்டின இடத்துலயா?"

இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, சின்ன வயதில் செய்வதுபோல என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "நீ எங்க வீட்டுப் பையன். எழுதறவன் நீ. எழுதாமலும் இருக்கலாம்ல?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. முதல் வகுப்புக் காத்திருப்பு அறையில், கணப்பு அடுப்புக்கு முன்னால் மேசை போட்டிருந்தார்கள். தலைமைப் பொறியாளர், நிலைய மேலாளர், விழாக் குழுத் தலைவர் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கூடத்தின் நாற்றம் அங்கேயும் வந்ததால் மூன்று பேரும் கைக்குட்டையில் வாசனைத் தைலம் தெளித்து மூக்கில் வைத்திருந்தார்கள். தைலமும் சாக்கடையும் சேர்ந்து அடித்தது சாக்கடையைவிட மோசம். சுவரோரம் அத்தான் சாட்சியாக நின்றார். புறாக்காரர் ஒரு சாக்கு மூட்டையோடு வந்திருந்தார்.

"கால்வாயை அள்ளினீங்களா இல்லையா? ஆமா, இல்லை, அவ்வளவு போதும்" என்றார் பொறியாளர்.

"அள்ளினேன் சார். நாப்பத்தோரு மூட்டை."

"யாரு பாத்தா?"

"மேல யாரு சார் வர்றாங்க? புறாதான் பாத்துச்சு."

நிலைய மேலாளர் கைக்குட்டைக்குள் சிரித்தார். பொறியாளர் என் பக்கம் திரும்பினார். "தூணுக்குள்ள குழல் இருக்கு, கதவு இருக்குன்னு இந்த ஆளு சொல்றார். அப்படி ஏதாவது படம் இருக்கா?"

அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் செருப்பில் பொன்வண்ணம் சொட்டியிருந்தது.

"தேடினேன் சார்" என்றேன். "கிடைக்கல."

சுலபமாக வந்தது. நாக்கு தடுமாறவே இல்லை.

"சரி சார், படம் இல்லைன்னா இதையாவது பாருங்க" என்று புறாக்காரர் மூட்டையைத் தூக்கி மேசைமேல் வைத்து வாயை அவிழ்த்தார். "நாப்பத்தோண்ணுல ஒண்ணு. மத்ததெல்லாம் கொட்டகைக்குப் பின்னால இருக்கு, எண்ணிக்கலாம்."

வெள்ளைத் தூள் புகையாக எழும்பித் தேநீர்க் கோப்பைகளில் இறங்கியது. மூன்று நாற்காலிகளும் ஒரே சமயத்தில் பின்னால் நகர்ந்தன. விழாக் குழுத் தலைவர் திங்கட்கிழமையை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும், கணப்பு அடுப்புக்குள்ளேயே ஒரு காலை வைத்துவிட்டார். அங்கிருந்த துடைப்பம் அவர் தோளில் சாய்ந்தது.

"எடுய்யா அதை! அறிவில்ல?"

"விடுங்க சார்" என்றார் அத்தான், தைரியம் வந்தவராக. "இன்னும் கொஞ்சம் அசையாம நின்னா அந்த ஆளு தலைமேலயே புறா முட்டை போடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை நான் எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, ஆனால் சிரித்தேன்.

புறாக்காரர் மூட்டையை மெதுவாகக் கட்டினார். மேசையில் சிந்தியதைப் புறங்கையால் கூட்டி உள்ளங்கையில் எடுத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில், "பரவால்ல சார். பழைய தாளு. எலி தின்னிருக்கும்" என்றார்.

திங்கட்கிழமை கூரையிலிருந்து கொட்டியதெல்லாம் அந்த நேரத்தில் என் வாய்க்குள் இருப்பதுபோல் இருந்தது. துப்ப இடமில்லை. "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து பதிவறைக்குப் போனேன். இடது அலமாரி, மேலிருந்து இரண்டாவது தட்டு. திரும்பி வந்து எண்பத்து நான்காம் தாளைத் தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவில் விரித்தேன். "கிடைக்கலன்னு சொன்னது பொய். எப்பவும் இருந்த இடத்துலதான் இருக்கு. தூண் முப்பத்தாறும் மழைநீர்க் குழாய். அடைச்சது இந்த ஆளு இல்ல."

"பின்ன யாரு?" என்றார் பொறியாளர்.

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அத்தான் முன்னால் வந்தார். தாளைத் தட்டினார். "நான்தான் சார்! மறைக்க என்ன இருக்கு? முப்பத்தாறையும் கான்கிரீட் போட்டு நிரப்பினவன் நான். ஓட்டைத் தூணை விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல. அது குழாய்னு எனக்கு யாரு சொன்னா? இந்தத் தாளை வச்சுக்கிட்டு இருந்தவங்க முதல்லயே சொல்லியிருக்கணும்ல?"

சொல்லியிருக்க வேண்டும்தான். அத்தான் சொன்னதிலேயே பெரிய உண்மை அது.

பொறியாளர் தாளைப் பார்க்கவில்லை, நாட்காட்டியைப் பார்த்தார். அந்த வேலையெல்லாம் சரியாக நடந்திருக்கிறது என்று கையெழுத்துப் போட்டவர் அவர். மூன்று பேரும் தலைகளைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். விழா, ஞாயிறு, பளிங்கு என்ற சொற்கள் மட்டும் கேட்டன. பிறகு பொறியாளர் என்னிடம் சொன்னார்:

"அந்த ஆளை வேலையில திருப்பிச் சேத்துக்கலாம். கவனக்குறைவுதான், இருந்தாலும் விழாவை முன்னிட்டுக் கருணையோட மன்னிக்கறோம்னு போட்டுடுங்க. தூணைப் பத்தி ஒண்ணும் வேண்டாம். விழா முடியறவரைக்கும் மழை வந்தா, மேல ஏறி வாளியில மொண்டு ஊத்தட்டும். நாலு மணிக்கு நான் வேற இடம் போகணும், சீக்கிரம் தட்டச்சு பண்ணிக் கொண்டாங்க."

செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு. புறாக்காரர் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

உத்தரவை நான் தட்டச்சு செய்தேன். முதல் பத்தியில் நிலையத்தின் நூற்றைம்பது ஆண்டுப் பெருமை, பதினோரு வரி, 'கம்பீரம்' மூன்று தடவை. இரண்டாம் பத்தியில் மூன்று அதிகாரிகளின் பெயரும் பதவியும் அயராத உழைப்பும். மூன்றாம் பத்தி இப்படி: கூரைக் கால்வாய் ஊழியர்மேல் குற்றம் எதுவும் இல்லை எனத் தெரியவந்ததால் அவர் உடனே பணியில் சேரலாம், தூண்கள் முப்பத்தாறிலும் கான்கிரீட் நிரப்பியதாகக் கான்ட்ராக்டர் விசாரணையில் ஒப்புக்கொண்டார், அவற்றை அவரே நாளைக் காலை முதல் உடைத்து எடுக்க வேண்டும், வரைபடத் தாள் எண்பத்து நான்கு இணைக்கப்பட்டுள்ளது, இதைப் பதிவறை எழுத்தர் நாற்பது நாள் முன்பே அறிந்தும் தெரிவிக்கவில்லை.

மூன்று நாற்பதுக்குக் கொண்டுபோனேன். பொறியாளர் முதல் பத்தியைப் பார்த்துத் தலையாட்டினார். இரண்டாம் பத்தியில் தன் பெயருக்கு முன்னால் 'மாண்புமிகு' சேர்க்கச் சொல்லலாமா என்று யோசித்து, நேரமில்லை என்று விட்டுவிட்டார். மூன்றாம் பத்திக்கு யாரும் வரவில்லை. மூன்று பேனா, மூன்று கையெழுத்து. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஐம்பது எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. நாலு மணிக்குள் நகல்கள் தலைமையகம் உட்பட ஐந்து அலுவலகத்துக்குப் போய்விட்டன.

ஐம்பது எண்ணுகிற நேரம். இதற்குத்தான் நாற்பது நாள் பயந்திருக்கிறேன். அவர்கள்மேல் வந்த அருவருப்பு அவ்வளவும் அந்த இடத்தில் திசை மாறி என்மேல் வந்து உட்கார்ந்தது.

கான்ட்ராக்டருக்கான நகலை நானே கூடத்தில் அத்தான் கையில் கொடுத்தேன். கடைசி வரிவரை படித்தவர் அவர் ஒருவர்தான். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"மாப்ளே, என் ஆயுசுலயே நான் யோக்கியமா செஞ்ச ஒரே வேலைடா அது" என்றார். கோபம்கூட இல்லை, நிஜமாகவே வருத்தப்பட்டார். "அக்கா இனிமே உன்கிட்ட பேசமாட்டா. தெரியும்ல?"

"தெரியும் அத்தான்."

கடைசி நகலை எடுத்துக்கொண்டு சரக்குக் கொட்டகைக்குப் பின்னால் போனேன். அறைக்கு வெளியே ஒரு தகரப் பெட்டியும் சுருட்டிய பாயும் கட்டிய பாத்திரங்களும் இருந்தன. எந்த உத்தரவு வந்தாலும் வரட்டும் என்று கட்டத் தொடங்கிவிட்டார்கள் போல. உள்ளே கட்டிலில் மாமனார் இருமிக்கொண்டிருந்தார். புறாக்காரர் வாசலில் குந்தி உட்கார்ந்து, காகிதத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, உதடு அசைய ஒவ்வொரு வரியாகப் படித்தார். முதல் இரண்டு பத்தியையும் விடவில்லை. மூன்றாவதன் கடைசி வரிக்கு வந்ததும் உதடு நின்றது.

"நாப்பது நாளாவா சார்?"

"ஆமாம்."

"செவ்வாக்கிழமை நான் வந்து நின்னப்பவும்?"

"ஆமாம்."

காகிதத்தை நாலாக மடித்தார். உள்ளே பார்த்து, "கட்டினதை அவிழ்த்துடு, போக வேண்டாம்" என்றார். அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும், உத்தரவு கொண்டுவந்தவர் என்று புரிந்து, முகம் மலர்ந்து, ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்து வந்தாள்.

"அவருக்கு வேண்டாம்" என்றார் புறாக்காரர். "கிளம்பறார்."